எரிந்த புத்தகமும் எழுதப்படாத புத்தகமும்

ஓ.எல் விஞ்ஞானத்தில் 'பதிய இனப்பெருக்கம்' படிக்காமல் வந்தவர்கள் எங்களுக்குள் இருக்க மாட்டார்கள். 'இலத்திரன் நுணுக்குக்காட்டி' என்ற பெயரும் எங்கேயோ காதில் விழுந்திருக்கும். ஆனால் 'பதிய இலத்திரன் நுணுக்குக்காட்டி' என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கேள்விப்பட்டிருக்க வழியில்லை. அப்படி ஒரு கருவி உலகத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட ஆங்கில ஆய்வுக்கட்டுரைகளில் அது இருக்கிறது. ஏதோ அந்தக் கருவியால் பார்த்துத்தான் முடிவு எடுத்த மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

கதை 1959இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் வெளிவந்த 'பக்டீரியோலொஜிக்கல் ரிவியூஸ்' என்ற இதழில் பக்டீரியாக்களின் கலச்சுவர் பற்றிய ஒரு கட்டுரை, பக்கத்துக்கு இரண்டு பத்தியாக அச்சாகியிருந்தது. ஒரு பத்தியின் வரியில் 'பதிய' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். அதற்கு நேரே பக்கத்துப் பத்தியில் 'இலத்திரன் நுணுக்குக்காட்டி'. பல தசாப்தங்களுக்குப் பிறகு அந்த இதழை ஸ்கான் பண்ணி எழுத்தாக மாற்றியபோது, மென்பொருள் நடுவில் இருந்த வெளியைக் கவனிக்காமல் குறுக்காக வாசித்துவிட்டது. இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டன. பிறகு 2017இலும் 2019இலும் ஈரானிய ஆய்வாளர்களின் ஆங்கிலக் கட்டுரைகளில் அதே சொல் தலைகாட்டியது. அங்கே காரணம் வேறாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். பாரசீகத்தில் 'அலகிடும்' என்ற சொல்லும் 'பதிய' என்ற சொல்லும் எழுத்தில் ஒரு புள்ளியால்தான் வேறுபடுகின்றன. அலகிடும் இலத்திரன் நுணுக்குக்காட்டி உண்மையான கருவி. மொழிபெயர்க்கேக்க புள்ளி மாறிப்போச்சு, அவ்வளவுதான்.

அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இணையத்தில் கிடந்த அந்த எழுத்தெல்லாம் அள்ளப்பட்டு பெரிய மொழி மாதிரிகளின் பயிற்சித் தரவுக்குள் போனது. 2025இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பழைய மாதிரிகளுக்கு இந்தச் சொல் தெரியவில்லை. ஜிபிடி-3க்கும் அதற்குப் பின் வந்த சிலவற்றுக்கும் தெரிந்திருந்தது. பழைய கட்டுரையின் ஒரு துண்டைக் கொடுத்து மிச்சத்தை எழுதச் சொன்னால், இல்லாத கருவியின் பெயரை அவை தாமாகவே எழுதின. அறுபது வருடத்துக்கு முந்தைய பக்க வடிவமைப்பும், ஒரு புள்ளியும், சரிபார்க்காத சில ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு கருவியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

செயற்கை நுண்ணறிவும் ஆய்வெழுத்தும் என்று பேச்செடுத்தாலே எல்லாரும் 2022 நவெம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எங்கட கம்பஸிலும் அப்படித்தான்: அதற்கு முன் எல்லாரும் நேர்மையாக எழுதின மாதிரியும், அதற்குப் பிறகு எல்லாரும் கள்ளர் மாதிரியும். நாங்கள் கலைப்பீடத்தில் இருப்பவர்கள். ஒரு பிரதி எப்படி உருவானது, அதற்கு யார் பொறுப்பு, அதில் சொன்னதை எப்படிச் சோதிப்பது என்பதுதான் எங்கட பாடமே. ஆகவே கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்ப்போம்.

2005இல் அமெரிக்காவின் எம்ஐடியில் படித்துக்கொண்டிருந்த ஜெரமி ஸ்ட்ரிப்லிங், மக்ஸ் குரோன், டான் அகுவாயோ என்ற மூன்று பேர் 'எஸ்சிஐஜென்' என்றொரு மென்பொருளைச் செய்தார்கள். ஒரு பட்டனை அமத்தினால் கணினி விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வரும். வரைபடம், அடிக்குறிப்பு, உசாத்துணை எல்லாம் இருக்கும். அர்த்தம் மட்டும் இருக்காது. காசு கட்டினால் எதையும் ஏற்றுக்கொள்ளும் மாநாடுகளைக் கிண்டலடிப்பதுதான் அவர்களுடைய நோக்கம். அனுப்பினார்கள், ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. இதில் செயற்கை நுண்ணறிவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. வாக்கிய அச்சுகளுக்குள் சொற்களைப் போட்டு நிரப்புவதுதான்.

பகிடி பகிடியாக நிற்கவில்லை. பிரான்ஸைச் சேர்ந்த சிறில் லாபே என்ற கணினி விஞ்ஞானி இப்படிப்பட்ட கட்டுரைகளைத் தேடிப் பிடிக்கத் தொடங்கினார். 2014இல் ஸ்பிரிங்கர், ஐஇஇஇ ஆகிய பெரிய வெளியீட்டாளர்கள் 120க்கும் மேற்பட்ட எஸ்சிஐஜென் கட்டுரைகளைத் தங்கள் தளங்களிலிருந்து நீக்க வேண்டி வந்தது. பகிடிக்குச் செய்த கருவியைச் சிலர் உண்மையாகவே பாவித்துத் தங்கள் வெளியீட்டுப் பட்டியலை நீட்டியிருக்கிறார்கள். லாபே அதற்கு முன்னரே இன்னொரு வேலையும் பார்த்திருந்தார். 'ஐக் அன்ட்கேர்' என்று இல்லாத ஓர் ஆய்வாளரை உருவாக்கி, அவர் பெயரில் எஸ்சிஐஜென் கட்டுரைகளைச் செய்து, ஒன்றை ஒன்று மேற்கோள் காட்ட வைத்து இணையத்தில் போட்டார். 2010 அளவில் கூகுள் ஸ்கொலர் கணக்கின்படி அந்த இல்லாத மனிதர் ஐன்ஸ்டைனைத் தாண்டிப் போய்விட்டார்.

இங்கே எங்களுக்குப் படுவது ஒன்றுதான். எண்ணை அளந்தால் எண் வளரும். எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்று கேட்கும் பதவி உயர்வு முறை இருக்கும் வரைக்கும் அதை நிரப்பித் தரும் கருவியும் வரும். கருவி பிந்தி வந்தது, தேவை முந்தியே இருந்தது.

இதே கதை 2021இல் இன்னொரு வேசத்தில் வந்தது. லாபேயும் குயோம் கபனாக், அலெக்சாண்டர் மகசினோவ் என்ற இருவரும் சேர்ந்து, ஆய்விதழ்களில் விசித்திரமான சொற்றொடர்கள் பெருகுவதைக் கண்டார்கள். 'மார்பகப் புற்றுநோய்' என்று வர வேண்டிய இடத்தில் 'நெஞ்சு ஆபத்து' என்று பொருள்படும் ஆங்கிலம். 'பெருந்தரவு' வர வேண்டிய இடத்தில் 'பிரம்மாண்டத் தகவல்'. செயற்கை நுண்ணறிவையே 'போலி உணர்வு' என்று எழுதியிருந்தார்கள். அதுதான் உச்சம். இதற்கு 'சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள்' என்று பெயர் வைத்தார்கள். யாரோ ஒருவருடைய கட்டுரையை அப்படியே எடுத்து, சொல் மாற்றும் மென்பொருளுக்குள் போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் கிடந்த இன்னொரு சொல்லை மாற்றி வைத்திருக்கிறார்கள். ஏன்? களவைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒரே சொல்தொடர் திரும்ப வருகிறதா என்றுதான் பார்க்கும். சொல் மாறினால் வீதம் குறையும். ஒப்படை குடுக்கிற இரவில் "வீதம் எவ்வளவு காட்டுது?" என்று ஹொஸ்டலில் கேட்கும் குரல் எல்லாருக்கும் பழக்கமானதுதானே. அந்தக் கேள்வி யாருடைய கருத்து என்பதைப் பற்றியது இல்லை, மெஷின் என்ன சொல்லும் என்பதைப் பற்றியது.

இந்த வரிசையில் நேர்மையாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2019இல் ஸ்பிரிங்கர் நேச்சர் நிறுவனம் லிதியம்-அயன் மின்கலங்கள் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டது. ஆசிரியர் பெயர் 'பீற்றா ரைற்றர்'. அது ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் கோதே பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த ஒரு மென்பொருள். ஏற்கனவே வந்த ஆய்வுக்கட்டுரைகளைத் தொகுத்துச் சுருக்கித் தந்தது. வாசிக்க இனிமையான புத்தகம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இது மெஷின் தொகுத்தது, இப்படித்தான் செய்தோம், இன்ன குறைகள் இருக்கின்றன என்று மனிதர்கள் எழுதிய முன்னுரை அதற்கு இருந்தது. கையில் எடுப்பவருக்குத் தான் என்ன வாசிக்கிறேன் என்று தெரியும்.

அடுத்த மூன்று வருடத்தில் வேகம் கூடியது. 2022 நவெம்பர் 15இல் மெட்டா நிறுவனம் 'கலக்ரிக்கா' என்ற மாதிரியை வெளிவிட்டது. 4 கோடி 80 இலட்சம் ஆய்வுக்கட்டுரைகள், புத்தகங்கள், விரிவுரைக் குறிப்புகள் போன்றவற்றில் பயிற்றப்பட்டது, விஞ்ஞானம் எழுதவே செய்தது என்று சொன்னார்கள். கேட்டவர்களுக்கு இல்லாத கட்டுரைகளை மேற்கோள் காட்டி அழகாக எழுதிக் கொடுத்தது. மூன்று நாளில் பொதுப் பாவனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு கிழமை கழித்து நவெம்பர் 30இல் சாட்ஜிபிடி வந்தது. அதுவும் அதே பிழையை விட்டது. ஆனால் அதை யாரும் எடுக்கவில்லை. விஞ்ஞானத்துக்கென்று சொல்லி வந்ததில் பொய்யைப் பொறுக்காதவர்கள், எல்லாத்துக்கும் என்று சொல்லி வந்ததில் பொறுத்துக்கொண்டார்கள்.

2023 ஜனவரியிலேயே சாட்ஜிபிடியை இணை ஆசிரியராகப் போட்ட கட்டுரைகள் வெளிவரத் தொடங்கிவிட்டன. அதே மாதம் 24ஆம் திகதி 'நேச்சர்' இதழ் இரண்டு விதி சொன்னது: மொழி மாதிரியை ஆசிரியராகப் போட முடியாது, பாவித்திருந்தால் ஆய்வுமுறைப் பகுதியில் சொல்ல வேண்டும். 'சயன்ஸ்' இதழ் இன்னும் கடுமையாக, அது எழுதிய எழுத்தையே பாவிக்க முடியாது என்றது. வருட முடிவுக்குள் 'சயன்ஸ்' அந்தத் தடையைத் தளர்த்தி, பாவித்ததை வெளிப்படையாகச் சொன்னால் சரி என்ற இடத்துக்கு வந்துவிட்டது. முழுத் தடை ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கட பக்கத்தில் இப்போதும் "தொடவே கூடாது" என்று சொல்லும் விரிவுரையாளர்களுக்கு இது உதவக்கூடும்.

ஏன் ஆசிரியராகப் போட முடியாது? "அது மனிசன் இல்லை" என்பது அவ்வளவு பலமான பதில் இல்லை. ஏனென்றால் 1975இல் ஒரு பூனை ஆசிரியராக இருந்திருக்கிறது. அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஜாக் ஹெதரிங்டன் தனியாக எழுதிய ஒரு கட்டுரையில் 'நாங்கள்' என்று எழுதியிருந்தார். தனியாளுக்கு 'நாங்கள்' என்றால் 'பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்' ஏற்காது என்று ஒரு நண்பர் சொன்னார். தட்டச்சுக் காலம். முழுக்கத் திரும்ப அடிக்கப் பஞ்சிப்பட்டு, தன்னுடைய சயாமியப் பூனைக்கு எஃப்.டி.சி. வில்லர்ட் என்று பெயர் வைத்து இணை ஆசிரியராகச் சேர்த்துவிட்டார். கட்டுரை வந்தது. (இந்தக் கட்டுரையில் வரும் 'நாங்கள்' உண்மையிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள்தான், பூனை இல்லை.)

பூனை ஆசிரியராக இருந்ததால் பௌதிகவியலுக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் பக்கத்தில் ஹெதரிங்டன் இருந்தார். கட்டுரையில் பிழை வந்தால் கடிதம் போட ஓர் ஆள், விளக்கம் சொல்ல ஓர் ஆள், வெட்கப்பட ஓர் ஆள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியர் என்பவருக்கு வைத்திருக்கும் நிபந்தனைகளில் கடைசி இதுதான்: முழு வேலைக்கும் பதில் சொல்லச் சம்மதிக்க வேண்டும். 2023 மே மாதம் அந்தக் குழுவும் மொழி மாதிரிகளுக்கு ஆசிரியர் இடம் இல்லை என்று இதே காரணத்தைச் சொல்லி எழுதியது. மெஷின் மன்னிப்புக் கேட்கும், உடனேயே, மிகப் பணிவாக. ஆனால் நாளைக்கு அதே பிழையை வேறொருவருக்குச் சொல்லும். அதனால் எதையும் இழக்க முடியாது. இழக்க ஒன்றுமில்லாத ஒன்றைப் பொறுப்பாளி ஆக்க முடியாது.

அப்படியென்றால் 'பாவித்தேன்' என்று சொல்லிவிட்டால் போதுமா? 2024 பெப்ரவரியில் 'ஃபுரொன்டியர்ஸ்' குழும இதழ் ஒன்றில் எலி ஒன்றின் படம் வந்தது. உடலைவிடப் பெரிய உறுப்போடு, அர்த்தமில்லாத எழுத்துகளால் பாகம் குறிக்கப்பட்ட அந்தப் படம் உலகம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. மூன்று நாளில் கட்டுரை மீளப்பெறப்பட்டது. பலர் மறந்துவிடும் விசயம் என்னவென்றால், அந்த ஆசிரியர்கள் படத்தை மிட்ஜேர்னியால் செய்தோம் என்று கட்டுரையிலேயே சொல்லியிருந்தார்கள். விதி கேட்டதைச் செய்தார்கள். ஆனால் ஆசிரியரோ, இதழோ படத்தைப் பார்க்க வேண்டிய விதத்தில் பார்க்கவில்லை. அடுத்த மாதமே எல்செவியரின் இதழொன்றில் ஒரு கட்டுரையின் முதல் வரியே, "நிச்சயமாக, உங்கள் தலைப்புக்கு ஓர் அறிமுகம் இதோ" என்ற பொருளில் இருந்தது. மெஷின் பேசியதையே வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். முதல் வரி! அதையும் தாண்டித்தான் அது அச்சேறியது.

இப்போது எங்களுக்கு நேரடியாகச் சுடும் இடத்துக்கு வருவோம். மெஷின் எழுதியதை மெஷினே கண்டுபிடிக்கும் என்ற நம்பிக்கை. 2023 ஜனவரி கடைசியில் ஓபன்ஏஐ நிறுவனமே ஒரு கண்டுபிடிப்பானை வெளியிட்டது. மெஷின் எழுத்தில் 26 வீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 வீதத்தை மெஷின் எழுத்து என்றது. இதை அவர்களே சொன்னார்கள். ஜூலையில் துல்லியம் போதாதென்று எடுத்துவிட்டார்கள். அதே மாதம் ஸ்டன்ஃபோர்ட் ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. ஆங்கிலம் தாய்மொழியில்லாதவர்கள் டோஃபல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக 61 வீதத்துக்கு மேல் 'மெஷின் எழுதியது' என்று வந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அப்படி வரவில்லை. காரணம் விளங்கக்கூடியது. அடுத்த சொல் என்ன வரும் என்று எளிதாக ஊகிக்க முடிந்தால் அதை மெஷின் எழுத்து என்று அந்தக் கருவிகள் எண்ணுகின்றன. இரண்டாம் மொழியில் எழுதுபவர் தெரிந்த சொற்களையும் பாதுகாப்பான வாக்கிய அமைப்பையும்தான் பாவிப்பார். பிழை விடக்கூடாதென்று பயந்து பயந்து எழுதுற ஆங்கிலம் மெஷின் ஆங்கிலம் மாதிரி இருக்கிறது.

அது எங்கட ஆங்கிலம். பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு முதலாம் வருடத்தில் திடீரென்று ஆங்கிலத்தில் ஒப்படை எழுதும் பிள்ளையின் ஆங்கிலம். எங்களோடு படிக்கும் ஒரு தோழி, தானே எழுதியதற்குக் கருவி கொடுத்த வீதத்தைக் காட்டி விளக்கம் கேட்டபோது, கொப்பியில் கையால் எழுதி வெட்டிக் கொத்திய வரைவைக் கொண்டுபோய்க் காட்டினாள். நல்ல காலம், அவள் முதலில் கொப்பியில் எழுதுகிறவள். நேரே ஃபோனில் எழுதுகிறவர்கள் எதைக் காட்டுவது? அமெரிக்காவின் வண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஓகஸ்டிலேயே இப்படிப்பட்ட ஒரு கருவியை நிறுத்திவிட்டது. தமிழில் எழுதிய ஒப்படைக்கு இந்தக் கருவிகள் என்ன சொன்னாலும் அதற்கு இன்னும் குறைந்த மதிப்புத்தான் கொடுக்க வேண்டும். ஜிபிடி-3 பயின்ற சொற்களில் ஏறக்குறைய 93 வீதம் ஆங்கிலம். மிச்சத்தைத்தான் உலகத்தின் மற்ற மொழிகள் எல்லாம் பங்குபோட வேண்டும்.

ஆனால் எங்களை உண்மையாகவே பயமுறுத்துவது கண்டுபிடிப்பான் இல்லை. உசாத்துணைப் பட்டியல்.

2023இல் வெளியான ஓர் ஆய்வில் சாட்ஜிபிடியிடம் பல தலைப்புகளில் கட்டுரை எழுதுவித்து, அது தந்த உசாத்துணைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார்கள். ஜிபிடி-3.5 தந்தவற்றில் 55 வீதம் உலகத்திலேயே இல்லாதவை. ஜிபிடி-4இல் அது 18 வீதம். குறைகிறது, நல்லது. ஆனால் அது ஆங்கிலத்தில், நிறைய எழுதப்பட்ட தலைப்புகளில். யாழ்ப்பாண இராச்சியம் பற்றியோ, மட்டக்களப்பின் குடிமுறை பற்றியோ, மலையகத்தின் ஆரம்பகாலத் தொழிற்சங்கம் பற்றியோ தமிழில் கேட்டுப் பார்த்தவர்களுக்கு என்ன வரும் என்று தெரியும். உண்மையான ஒரு பேராசிரியரின் பெயர், நம்பக்கூடிய ஒரு தலைப்பு, 'யாழ்ப்பாணம்' என்று பதிப்பிடம், எழுபதுகளில் ஒரு வருடம். எல்லாம் சரியான இடத்தில் இருக்கும். புத்தகம் மட்டும் இருக்காது.

இது வரலாற்று மாணவர்களுக்கு ஏன் தனியாக உறைக்க வேண்டும் என்றால், இல்லாமல்போன புத்தகங்களோடு வாழ்ந்து பழகியவர்கள் நாங்கள். 'யாழ்ப்பாண வைபவமாலை'யை எடுத்துக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் காலத்தில், அவர்களுடைய அதிகாரி ஒருவர் கேட்டு மயில்வாகனப் புலவர் எழுதியது. தான் எதைப் பார்த்து எழுதினேன் என்று அவர் சொல்கிறார்: கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை. முதல் இரண்டும் இன்று எங்கள் கையில் இருக்கின்றன. பின் இரண்டும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர்கள் இருந்தபடியால்தான் பிறகு வந்தவர்களால் வைபவமாலையோடு சண்டை பிடிக்க முடிந்தது. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' எழுதினார். எது மூலத்திலிருந்து வந்தது, எது புலவருடைய காலக் கணக்குக் குழப்பம் என்று பிரித்துப் பார்க்கும் வேலை அது. அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நாங்கள் ஏற்க வேண்டியதில்லை. மூலத்தின் பெயரைச் சொல்வது, பிறகு வருபவருக்கு "வந்து என்னைப் பிழை பிடி" என்று கதவைத் திறந்து வைப்பது.

சி. வை. தாமோதரம்பிள்ளையும் அதைத்தான் செய்தார். 1887இல் கலித்தொகையை அச்சிட்டபோது அவர் எழுதிய பதிப்புரையில், ஏடுகள் எப்படித் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன, அவற்றைத் தேடி என்ன பாடுபட்டார் என்றெல்லாம் சொல்கிறார். புலம்பலாக வாசிக்கலாம். எங்களுக்கு அது ஆய்வுமுறைப் பகுதியாகத் தெரிகிறது. 'நேச்சர்' 2023இல் கேட்டதை ஒரு சிறுப்பிட்டிக்காரர் 1887இலேயே கேட்காமல் செய்திருக்கிறார் என்று பெருமைப்பட நாங்கள் வரவில்லை (பெருமைப்பட்டாலும் பிழையில்லை). ஏடு கிழிந்த இடத்தை நிரப்ப ஒரு மெஷின் அவரிடம் இருந்திருந்தால், சந்தத்துக்கு ஏற்ற மாதிரி அது அழகாக நிரப்பிக் கொடுத்திருக்கும். அந்த அழகைச் சங்கப்பாடல் என்று நாங்கள் பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்போம்.

இனி 1981. மே 31 இரவும் அதையடுத்தும் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதில் ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போயின என்பது வழமையாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்குப் பிறகு இடம்பெயர்வுகளில் வீட்டு நூலகங்களும், பாடசாலை நூலகங்களும், கோயில் அறைகளில் இருந்தவையும் எவ்வளவு போயின என்று கணக்கே இல்லை. இதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஒரு புத்தகத்தைத் தேடிக் கிடைக்காவிட்டால், "அது எரிஞ்சிருக்கும்" என்கிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

இந்த இடத்தில்தான் மெஷின் செய்த உசாத்துணை எங்களுக்குள் வேறு எவரிடமும் இல்லாத வசதியோடு நுழைகிறது. இலண்டனைப் பற்றி எழுதும் ஒரு மாணவர் இல்லாத புத்தகத்தை மேற்கோள் காட்டினால், நூலகப் பட்டியலில் தேடி இல்லையென்று கண்டதும் சந்தேகம் வரும். எங்கட ஆள் இல்லாத புத்தகத்தை மேற்கோள் காட்டினால், நாங்கள் சந்தேகப்பட மாட்டோம், கவலைப்படுவோம். 'ஐயோ, இதுவும் போய்விட்டதா' என்போம். இன்னொருவர் அதை எடுத்து, 'இன்று கிடைக்காத' என்று ஒரு அடைமொழியும் சேர்த்துத் தன்னுடைய ஆய்வேட்டில் போடுவார். இரண்டாவது தலைமுறையில் அது வரலாறு. பதிய இலத்திரன் நுணுக்குக்காட்டி இருபதுக்கு மேற்பட்ட கட்டுரைகளுக்குள் போனபிறகும் பிடிபட்டது, ஏனென்றால் அப்படிக் கருவி இல்லையென்று சொல்லத் தெரிந்தவர்கள் உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எழுபதுகளின் ஒரு தமிழ்ப் பிரசுரம் இல்லையென்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இருக்கும் ஒன்றிரண்டு பேருக்கும் எண்பது வயதாகிறது. எரிந்த புத்தகத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் மரியாதையை எழுதப்படாத புத்தகம் எடுத்துக்கொண்டு போகிறது.

எங்கட காசில்லாத நூலகங்களுக்கு மட்டுமான பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2025 இறுதியில், ஈழத்து ஆய்வாளர்களுக்கும் நன்கு தெரிந்த சர்வதேச செஞ்சிலுவைக் குழுவே, செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தங்களிடம் இல்லாத ஆவணங்களின் பெயரைத் தருகின்றன, கவனமாக இருங்கள் என்று ஆய்வாளர்களுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது.

அதற்காக எல்லாவற்றையும் மூடி வையுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எழுதி முடித்த ஆங்கிலத்தில் இலக்கணம் பார்க்கக் கொடுப்பதில் எங்களுக்குப் பிரச்சினை தெரியவில்லை. காசுள்ள பிள்ளைகள் ரியூசன் மாஸ்டரிடம் கொடுத்துப் பார்த்த வேலைதான் அது, இப்போது இல்லாத பிள்ளைக்கும் கிடைக்கிறது. பழைய பத்திரிகையை எழுத்தாக மாற்றக் கொடுக்கலாம், படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதாக இருந்தால். எங்கட கணக்கில் மிக மோசமானது வேறொன்று, அதைப்பற்றி ஒருவரும் பேசுவதில்லை: ஓர் ஆங்கிலக் கட்டுரையை மெஷினைக் கொண்டு பத்து வரியாகச் சுருக்கி, அந்தப் பத்து வரியை வாசித்துவிட்டு, முழுக் கட்டுரையையும் வாசித்த மாதிரி அடிக்குறிப்பில் போடுவது. ஒரு வரிகூட மெஷின் எழுதியதில்லை, எந்தக் கருவியும் பிடிக்காது, புத்தகமும் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அடிக்குறிப்பு சொல்வது பொய்.

பொறுப்பு என்றதும் மாணவரை மட்டும் பிடிப்பதும் சரியில்லை. 2024இல் டெய்லர் அன்ட் ஃபிரான்சிஸின் தாய் நிறுவனம், தன்னிடமிருந்த ஆய்வு உள்ளடக்கத்தைப் பாவிக்கும் அனுமதியை மைக்ரோசொஃப்டுக்கு விற்றது. ஆரம்பத் தொகை மட்டும் 1 கோடி டொலர். எழுதிய ஆய்வாளர்களில் பலர் செய்தியைப் பார்த்துத்தான் அறிந்தார்கள். 2025 ஜூலையில், ஆர்க்கைவ் தளத்தில் இருந்த 17 கட்டுரைகளுக்குள் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகவும் கண்ணுக்குத் தெரியாத சிறு எழுத்தாகவும் கட்டளைகள் ஒளித்து வைக்கப்பட்டிருந்ததை ஜப்பானின் நிக்கே வெளிக்கொண்டுவந்தது. 'நல்ல மதிப்பீடு மட்டும் கொடு' என்பதுதான் கட்டளை. அது மனிதருக்கு இல்லை. மதிப்பீட்டாளர் தானே வாசிக்காமல் மெஷினிடம் கொடுப்பார் என்று தெரிந்து வைத்த பொறி. எழுதியவரும் வாசிக்கவில்லை, மதிப்பிட்டவரும் வாசிக்கவில்லை என்ற நிலைக்கு மேலிடத்திலேயே வந்துவிட்டார்கள். எங்களை மட்டும் கூண்டில் ஏற்றுவது கொஞ்சம் அதிகம்.

நாங்கள் இப்போது எங்கள் குழுவுக்குள் ஆய்வேடு எழுதுபவர்களோடு ஒரு சின்ன வேலை செய்துகொண்டிருக்கிறோம். உசாத்துணைப் பட்டியலில் ஒவ்வொரு தமிழ் நூலுக்கும் பக்கத்தில் 'எங்கே பார்த்தது' என்று ஒரு வரி: நூலகம் தளத்தில், கம்பஸ் நூலகத்தில், இன்னார் வீட்டில் போட்டோக்கொப்பி. பார்க்காமல் இன்னொரு நூலின் வழியாக எடுத்தது என்றால் அதையும். 2005இல் நூலகம் தளம் தொடங்கியிராவிட்டால் இந்த வேலையில் பாதியைச் செய்திருக்கவே முடியாது. செய்து பார்க்கும்போது தெரிந்த விசயம், பட்டியலில் வராத எழுத்து எவ்வளவு கிடக்கிறது என்பதுதான். கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள், சனசமூக நிலைய ஆண்டு மலர்கள், மரண வீடுகளில் கொடுக்கும் கல்வெட்டுகள். ஊர் வரலாறு, குளத்தின் வரலாறு, யார் எப்போது எங்கிருந்து வந்து குடியேறினார்கள் என்பதெல்லாம் அவற்றுக்குள்தான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி இன்னும் ஸ்கான் பண்ணப்படவில்லை, எந்த மாதிரியின் பயிற்சித் தரவுக்குள்ளும் இல்லை. கேட்டால் மெஷினுக்குத் தெரியாது, தெரிந்த மாதிரிப் பேசும். இரண்டாம் வருட விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிறவர்கள், அம்மம்மாவின் அலுமாரியில் கறையான் பிடிக்க முன்னம் ஒருக்கால் திறந்து பாருங்கோ. கிடைத்தால் எழுதி அனுப்புங்கோ, எந்தப் பக்கம், எந்த வருடம், யாருடைய அலுமாரி என்ற விபரத்தோடு.